கடித்தால் ஆண்

எண்ணெய் மில் வெயிலுமுத்து வீட்டு மருமகள் வடிவுக்கு மூன்றாவது பேறுகாலத்தில் கினிப்பன்றி பிறந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தபோது, எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டது எந்தப் பிள்ளை பிறந்தாலும் கேட்கிற அதே கேள்வியைத்தான்: ஆணா, பொண்ணா? எப்படிப் பிறந்தது, ஏன் பிறந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பிறக்கிறது பிறந்துவிட்டது, அது கடவுள் பாடு, பெற்றவள் வயிற்றுப் பாடு; ஆணா பொண்ணா என்பதுதானே எங்கள் பாடு. அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் அந்த நர்சுப் பெண் பச்சைத் துணியில் குட்டியைச் சுற்றிக்கொண்டு வராந்தாவில் நின்று முழித்தாளே, அதுதான் அன்றைக்கு நடந்த பெரிய அவமானம்.

வடிவின் மாமியார் பேச்சித்தாய் துணியை விலக்கிப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. உடம்பு முழுக்க முடி, பாதி வெள்ளை, பாதி செம்பட்டை. பல்கூட முளைத்திருந்தது. மற்ற கட்டில்களில் கிடந்த பிள்ளைகளெல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வீல் வீல் என்று கத்திக்கொண்டிருக்க, இது பிறந்த கையோடு நர்சின் சாப்பாட்டுப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மல்லித்தழையை எட்டிக் கடித்து மென்று தின்றது. "வெவரமான புள்ளதான்" என்று பேச்சித்தாய் சொன்னாள். சொல்லிவிட்டுத் திருப்பிப் பிடித்து அடிவயிற்று முடியை விலக்கினாள். என்னவோ இருந்தது. ஆனால் அது என்னவென்று, அந்தத் தெருவில் பிள்ளைகளை எடுத்தும் அடக்கியும் பழகின அவளுக்கே விளங்கவில்லை.

டாக்டரம்மா வந்தாள், பார்த்தாள், கையைக் கழுவினாள், தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். படித்தவர்களே இப்படி என்றால் நாங்கள் யாரிடம் போய்க் கேட்போம்?

இதை ஏன் இத்தனை பெரிசாகச் சொல்கிறேன் என்றால், வடிவுக்கு முதல் இரண்டும் பொட்டைப் பிள்ளைகள், இரண்டும் தங்கவில்லை. எங்கள் தெருவில் தங்கவில்லை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. கேட்கிறவர்களுக்கும் ஒரு வீடு, ஒரு மாமியார், ஒரு கொல்லைப்புறம் இருக்கத்தானே செய்கிறது. மூன்றாவதும் பெண்ணென்றால் அதுவும் தங்காது, வடிவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் அப்பன் வீட்டுக்குப் பஸ் ஏறவேண்டியதுதான், அவள் புருசன் தளவாய்க்குப் பக்கத்து ஊரில் வேறொரு பெண் பார்த்து வைத்தாயிற்று, அந்த வீட்டிலும் எங்களைப்போலவே ஆணா பொண்ணா என்று கேட்டுக் கதவைத் திறந்துவைத்துக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆணென்றால் வடிவு அந்த வீட்டு மகாராணி, குட்டி மில்லுக்கு வாரிசு. ஆக, ஒரு பொம்பளை வாழ்வதா போவதா, ஒரு பிள்ளை இருப்பதா சாவதா என்பதெல்லாம் அந்த அடிவயிற்று முடிக்குள் ஒளிந்துகொண்டிருந்தது.

பள்ளிக்கூடத்து சயின்ஸ் வாத்தியார் வந்து பார்த்துவிட்டு, இதன் பேர் கினிப்பன்றி, தென்னமெரிக்காவில் மலைமேலே இருக்கும், அங்குள்ளவர்கள் சுட்டுத் தின்பார்கள் என்று சொன்னார். பிள்ளை பார்க்க வந்த இடத்தில் பேசுகிற பேச்சா அது? பேச்சித்தாய் அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை. பன்றி என்ற வார்த்தையை இந்த வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்று வெயிலுமுத்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஆண்பிள்ளைப் பேரா பெண்பிள்ளைப் பேரா என்று தெரிகிறவரைக்கும் அதைக் கினி, கினி என்றே கூப்பிட்டோம். தொட்டில் கட்டினார்கள். சாம்பிராணி போட்டார்கள். கண்ணுபடாமலிருக்கக் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தார்கள், வெள்ளைப் பக்கமாகப் பார்த்து. ஒரு வாரத்தில் எல்லாம் பழகிப்போயிற்று. வடிவின் கொலுசுச் சத்தம் கேட்டால் போதும், தொட்டிலுக்குள்ளிருந்து குய் குய் என்று விசிலடிக்கும். அவள் முந்தானைக்குள் போட்டுக்கொண்டு பால் கொடுப்பாள், அதுவும் குடித்துவிட்டுச் சேலை ஓரத்தைக் கொஞ்சம் மென்றுவைக்கும், பிறகு அவள் கைமடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்கிவிடும். பெற்றவளுக்கு அது ஆணா பொண்ணா என்று தெரியாமலா இருக்கும் என்று நாங்கள் கேட்டுப் பார்த்தோம். "எனக்கு எதுக்கு மயினி அது?" என்றாள். திமிரைப் பாருங்கள்.

மாட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் எருமையையும் ஆட்டையும் பார்த்துப் பழகின மனுசன், பிள்ளையை மல்லாக்கப் போட்டு, பெருவிரலால் ஒரு அமுக்கு அமுக்கி, "ஆண்தான்" என்றார். அவ்வளவுதான். பேச்சித்தாய் போட்ட குலவையில் எங்கள் வீட்டு ஓட்டில் உட்கார்ந்திருந்த புறா அத்தனையும் எழும்பிப் பறந்தது. தெருவுக்கே சீனி வழங்கினார்கள். எங்கள் பக்கம் ஆண்பிள்ளை பிறந்தால் குடும்பத்தில் மூத்தவர் சேனை தொட்டு வைப்பார், சீனித்தண்ணியை விரலில் தொட்டுப் பிள்ளை நாக்கில் தடவுவது. வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. வெயிலுமுத்து தன் கையாலேயே வைத்தார். வெள்ளியில் அரைஞாண்கொடி வாங்கிவந்து கட்டினார்கள், இடுப்பு என்று தனியாக ஒன்று இல்லாத உடம்பு, கொடி வழுகி வழுகிக் கழுத்துக்கு வந்தது. வடிவுக்கு நாட்டுக்கோழிச் சாறு, பூண்டுக் குழம்பு, வெந்நீர்க் குளியல். தளவாய்கூட அவள் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசினான்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கிளி, புறா, மீன் தொட்டி என்று கடை வைத்திருக்கும் ஜெயசீலன் பிள்ளை பார்க்க வந்தானே, அவன் வாயில் சனி உட்கார்ந்திருந்தது. அவன் கடையில் கினிப்பன்றியும் விற்பான். ஜோடி என்று சொல்லி அவன் விற்றதில் பாதி, குட்டி போடாமல் ஒன்றையொன்று கடித்துக் குதறிச் செத்தது என்பது ஊருக்கே தெரிந்த கதை; ஆனால் பெரிய விசயம் பேசுகிறவனை நிறுத்தி யார் பழைய கதை கேட்கிறார்கள்? அவன் பிள்ளையைத் தூக்கி, முதுகைத் தன் நெஞ்சோடு சாய்த்து உட்காரவைத்து, ஒரு கையால் பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"பொண்ணுல்லா இது" என்றான்.

"மாட்டு டாக்டர் ஆணுன்னாரே."

"அவருக்கு மாட்டத் தெரியும். லேசா அமுக்கினா ஆணுக்கு ஒரு சின்னக் குச்சி மாரி எட்டிப் பாக்கணும். பொண்ணுக்கு இங்கிலீஷ் ஒய் எழுத்து மாரிக் கோடு இருக்கும். இதுல ஒய் இருக்கு பாருங்க."

வெயிலுமுத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. ஜெயசீலன் சாக்பீஸால் நடுவீட்டுச் சுவரில் ஒரு ஒய் எழுதிக் காட்டினான். அன்றைக்கே அரைஞாண்கொடியைக் கழற்றினார்கள், கோழிச்சாறு நின்றது, வடிவுக்குப் பழைய சோறும் ஊறுகாயும் போயிற்று, தளவாய் மாடிக்குப் படுக்கப் போய்விட்டான். பேச்சித்தாய் கொல்லைப்புறத்துக் கதவுக்கு எண்ணெய் விட்டாள். எங்களுக்கெல்லாம் தெரியும் அது எதற்கென்று. நாங்கள் முறத்தை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குள் போனோம்.

ஆனால் அடுத்த நாள் காலையில் மாட்டு டாக்டர் விசயத்தைக் கேள்விப்பட்டு, மானப் பிரச்சினையாகிவிட்டதால், மோட்டார் சைக்கிளில் வந்து மறுபடி அமுக்கி மறுபடி ஆண் என்றார். கொடி ஏறியது, கோழி அடித்தார்கள். சாயங்காலம் ஜெயசீலன் வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பெண் என்றான். கொடி இறங்கியது. தெரு இரண்டாகப் பிரிந்தது. மேல்பக்கத்து வீடுகள் ஆண் என்றன, கீழ்பக்கத்து வீடுகள் பெண் என்றன, இரண்டு பக்கத்துக்காரர்களும் வந்து பார்த்தோம், தலை அகலத்தை வைத்துச் சொன்னவர்கள் உண்டு, நூலில் மோதிரத்தைக் கட்டி வயிற்றுக்குமேல் ஆடவிட்டுச் சொன்னவர்கள் உண்டு, பிள்ளை பெறாதவர்கள்கூட வந்து சொன்னார்கள், வந்தவர்கள் ஒவ்வொருவரும் நெஞ்சோடு சாய்த்து உட்காரவைத்து, பெருவிரலால் அமுக்கி, சுவரில் இருந்த எழுத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்து, மறுபடி அமுக்கிப் பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளைகளெல்லாம் அந்த மாதத்தில் ஒய் எழுதப் பழகிவிட்டோம். வடிவு பழைய சோறு தின்றாளா கோழி தின்றாளா என்பதை வைத்தே அன்றைக்கு யார் கடைசியாக வந்துபோனார்கள் என்று சொல்லிவிடலாம்.

குட்டிக்கு அடிவயிற்றில் முடி போய்விட்டது. அமுக்கின இடம் சிவந்து, பிறகு கன்றிப்போய்க் கிடந்தது. கொலுசுச் சத்தம் கேட்டால் விசிலடிக்கிறதையும் நிறுத்திவிட்டது, யார் நிழல் தொட்டிலில் விழுந்தாலும் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். வடிவு தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள். எண்ணெய் தடவினால் வழுக்குகிறது, பிடித்துப் பார்க்க முடியவில்லை என்று நாங்கள் அவளைத்தான் திட்டினோம்.

அந்த யோசனையை யார் சொன்னது என்று இப்போது ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். யார் சொன்னால் என்ன, நல்ல யோசனைதான். ஜெயசீலன் கடையில் கறுப்பாக ஒரு கிழட்டு ஆண் கினி, கடுவன், இருந்தது, எருமைக் கன்று மாதிரிக் கழுத்து. ஆண் கினியும் ஆண் கினியும் ஒரு கூட்டில் இருக்காது, வேறொரு ஆண் உள்ளே வந்தால் கடித்துவிடும், பெண்ணென்றால் ஒன்றும் செய்யாது, முகர்ந்துவிட்டுப் போய்விடும். இரண்டையும் ஒரே கூட்டில் விடவேண்டியது. கடித்தால் ஆண். கடிக்காவிட்டால் பெண். அமுக்கவும் வேண்டாம், ஒய் எழுத்தும் வேண்டாம். மாட்டு டாக்டரும் ஒத்துக்கொண்டார், ஜெயசீலனும் ஒத்துக்கொண்டான், வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மில் முற்றத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. லட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். கொல்லைப்புறத்தில் குழியும் வெட்டிவைத்தார்கள்.

வடிவு மாமனார் காலில் விழுந்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"மாமா, எம்புள்ள கடிபட வேண்டாம். பொண்ணுன்னே வச்சுக்கிடுங்க. நான் தூக்கிக்கிட்டு எங்கய்யா வீட்டுக்குப் போயிருதேன். அவுகளுக்கு நீங்க எந்தப் பொண்ண வேணுமுன்னாலும் கெட்டிவைங்க."

வெயிலுமுத்து கோபக்காரர் இல்லை. நிதானமாகத்தான் சொன்னார்.

"பொண்ணுன்னா நீ தனியாத்தாம்மா போவ."

அதற்குப் பிறகு அவள் எழுந்து போய்ப் பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள், ஆனால் வாய் அசையவில்லை. என்னத்தை வேண்டுவாள்? கடிக்கவேண்டும் என்று வேண்டினாலும் பிள்ளை போச்சு, கடிக்கக்கூடாது என்று வேண்டினாலும் பிள்ளை போச்சு. பாவம்தான். எனக்கு அன்றைக்கு அவளைப் பார்க்க நெஞ்சு கனத்துப்போயிற்று, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் நல்ல இடம் பிடிக்கவேண்டுமென்று சீக்கிரமே கிளம்பி மில்லுக்குப் போய்விட்டேன்.

முற்றத்தில் புண்ணாக்கு மூட்டைகளை ஓரமாக அடுக்கி நடுவில் கோழிக்கூட்டை வைத்திருந்தார்கள். மூட்டைமேலெல்லாம் ஆள். பக்கத்து ஊர்ப் பெண்வீட்டாரும் வேனில் வந்து தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கும் தெரிந்தாகவேண்டுமே. ஜெயசீலன் கறுப்புக் கடுவனை முதலில் விட்டான். பேச்சித்தாய் குட்டியை வடிவின் கையிலிருந்து வாங்கி, சும்மா சொல்லக்கூடாது, ஒரு முத்தம் கொடுத்துத்தான் உள்ளே விட்டாள். வடிவு ஏதாவது செய்து காரியத்தைக் கெடுத்துவிடக்கூடாது என்று நானும் இன்னும் இரண்டு பேரும் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டோம்.

கடுவன் முகர்ந்தது. சுற்றிவந்தது. குட்டி கூட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்தது. கடுவன் மறுபடி முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டு கூட்டுக்குள் போட்டிருந்த கீரையைத் தின்ன ஆரம்பித்தது. முற்றம் முழுக்க ஒரு பெருமூச்சு. "பொண்ணுதான்" என்று யாரோ சொன்னார்கள். நாற்காலியில் இருந்தவர்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பேச்சித்தாய் முகம் செத்துப்போயிற்று, கொல்லைப்புறத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

அப்போது குட்டிக்கு என்ன தோன்றியதோ, மூலையை விட்டு வந்து அந்தக் கீரையில் ஒரு வாய் கடித்தது. பசித்திருக்கும். கடுவன் பல்லை நறநறவென்று கடித்தது, முடி சிலிர்த்தது, ஒரே பாய்ச்சல்.

கடித்துவிட்டது.

அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்வேன்? அப்படி ஒரு குலவையை எங்கள் ஊர் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஆயிரங்காச் சரவெடியைக் கொளுத்திப் போட்டார்கள். வெயிலுமுத்து அந்த வயதில் சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டே மாட்டு டாக்டரைக் கட்டிப்பிடித்தார், தளவாயை நாலுபேர் தோளில் தூக்கினார்கள், பேச்சித்தாய் லட்டுத் தாம்பாளத்தோடு ஓடி ஓடி ஒவ்வொருத்தர் வாயிலும் திணித்தாள், ஜெயசீலன் வாயிலும் சேர்த்துத்தான், கடித்தது கடித்தது ஆம்பளை ஆம்பளை என்று முற்றமே ஒரே குரலில் பாடியது. வடிவும் கத்தினாள். வெடிச்சத்தத்தில் அவள் என்ன கத்தினாள் என்று கேட்கவில்லை, கையை உதறினாள், பல்லால் என் மணிக்கட்டைக் கடித்தாள், நாங்கள் விடவில்லை, சந்தோசம் தாங்காமல் செய்கிறாள் என்றுதான் நினைத்தோம். யாருமே கூட்டைத் திறக்கவில்லையே என்று பிற்பாடு ஊரில் பேச்சு வந்தது. நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவர்கள் பேசட்டும். ஆளுக்கு இரண்டு கையிலும் லட்டு. எப்படித் திறக்க?

புகை அடங்கின பிறகுதான் பார்த்தோம்.

ஆண்பிள்ளைச் சாவை எங்கள் ஊர் எப்படி எடுக்குமோ அப்படி எடுத்தார்கள், ஒரு குறை சொல்ல முடியாது. பந்தல் போட்டு, மேளம் வைத்து, பூத்தேர் கட்டி, அரைஞாண்கொடியோடு படுக்கவைத்து, தளவாய்க்கு மொட்டை போட்டு, தெருவெல்லாம் பொரி இறைத்துக்கொண்டு போனார்கள். கொல்லைப்புறத்துக் குழியை மூடிவிட்டு, சுடுகாட்டில் சிமெண்டு வைத்துக் கட்டினார்கள். மில் ஒரு வாரம் ஓடவில்லை. என் வீட்டை ஆள வந்த ராசா, என் கொள்ளியைக் கொண்டுபோயிட்டியே என்று பேச்சித்தாய் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்ததைக் கேட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்வீட்டார்கூடத் தேம்பி அழுதார்கள். வடிவு ஒருத்திதான் அழவில்லை. பெற்ற பிள்ளைக்கு அழாதவள் என்ன பொம்பளை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஆனால் பாருங்கள், அவளுக்கு வந்த யோகத்தை. வேறு பெண் பேச்சையே வெயிலுமுத்து நிறுத்திவிட்டார். ஆம்பளைப் பிள்ளை சுமந்த வயிறு, அது என்ன லேசா? ஒருதரம் வந்தது இன்னொருதரம் வராமலா போகும்? மாமியார் அவளை அடுக்களைப் பக்கமே விடவில்லை. பதினாறு கழிந்ததிலிருந்து நாட்டுக்கோழி, ஆட்டுக்கால், பேரீச்சம்பழம், தாம்பாளத்தில் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு வாய் தின்னுட்டி, எஞ் செல்லம்லா" என்று ஊட்டிவிட்டாள். வடிவு வாயைத் திறந்தாள், மென்றாள், விழுங்கினாள். கொடுத்து வைத்தவள் என்று நாங்கள் சொன்னோம். எங்கள் மாமியார்கள் யாரும் எங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் கொடுத்ததில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு வலி கண்டது. தளவாய் கார் எடுத்துவர ஓடினான். பேச்சித்தாய் பையில் துணி எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தடியில் வடிவு மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, நெல்லும் பாத்திரமும் போட்டுவைக்கிற உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தி உட்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டாள். பழைய காலத்துத் தேக்குக்கதவு. தட்டினார்கள், கெஞ்சினார்கள், அதட்டினார்கள். உள்ளேயிருந்து முனகல் வந்தது, பாத்திரம் உருண்டது. பிறகு ஒரு சத்தம். பிள்ளை அழுகிற சத்தம் என்று மேல்பக்கத்து வீட்டார் சொன்னார்கள், விசில் சத்தம் என்று கீழ்பக்கத்து வீட்டார் சொன்னார்கள். மழை பெய்துகொண்டிருந்ததால் எனக்கு எதுவென்று பிடிபடவில்லை. பிடிபட்டு என்ன, அதையா நாங்கள் கேட்டோம்?

பேச்சித்தாய் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்டாள், அத்தனை அன்பாக அவள் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

"ஏட்டி வடிவு, எந் தாயில்லையா நீ. எதாயிருந்தாலும் சரி, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம். ஆணா பொண்ணா, அத மட்டும் சொல்லிரு."



வெயிலுமுத்து கேட்டார். காரோடு வந்த தளவாய் கேட்டான். நாங்களும் கூடத்திலும் வாசலிலும் குடையோடு நெருக்கியடித்து நின்று, ஆணா பொண்ணா, ஆணா பொண்ணா என்று கேட்டோம். மழைச்சத்தத்தை மிஞ்சிக் கேட்டோம்.

ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்து வடிவின் குரல் வந்தது, வலி தீர்ந்தவளின் குரல், எங்களிடம் பேசுகிற மாதிரியே இல்லை.

"பால் குடிக்குது" என்றாள்.

நாங்கள் கேட்டதற்கு அது ஒரு பதிலா, நீங்களே சொல்லுங்கள். மறுபடி மறுபடி கேட்டோம். வெயிலுமுத்து கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மில்லிலிருந்து கடப்பாரை எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார், ஜெயசீலனுக்கும் மாட்டு டாக்டருக்கும் சொல்லிவிட்டார், நாங்கள் கதவை விட்டு ஒதுங்கி வழிவிட்டு நின்றோம்.